பதிவில்லாத ஏழு மாதம்

2021 டிசம்பர். எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஏஜென்சிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிக்காஹ்வுக்கு நாள்கூடக் குறிக்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பிடித்து எலுவன்குளத்துக்கே கூட்டிவந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மெல்பேர்ணில் இருக்கிறார், அங்கே பிரஜை. "கலியாணம் முடிஞ்ச கையோட பேப்பர் வேலையையும் தொடங்கிரலாம்" என்பது மாமியின் எண்ணம்.

ஏஜென்சிக்காரர் ஃபைலைத் திறந்து கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம். எல்லாவற்றுக்கும் வாப்பாதான் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்டார்: "பிள்ளைக்கு இதுக்கு முன்ன கலியாணம் ஏதும் நடந்திருக்கா?"

வாப்பா நிலத்தைப் பார்த்தார். உம்மா தேத்தண்ணி ஊற்றப் போவதாகச் சொல்லி எழும்பிப் போனார். எல்லோருக்கும் ஏற்கெனவே தேத்தண்ணி கொடுத்தாயிற்று.

நான்தான் சொன்னேன். "நடந்திருக்கு. 2011இல். ஏழு மாசம்."

"பதிஞ்சதா?"

"இல்ல."

ஏஜென்சிக்காரர் பேனையை மூடிவிட்டுச் சிரித்தார். "அப்ப ஒண்டும் இல்ல தங்கச்சி. பதிவு இல்லாத கலியாணம் கலியாணமே இல்ல. மணமாகாதவர் எண்டே போடுவம்."

விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கு மட்டும் மூச்சு முட்டியது. அன்றிலிருந்து இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது விசா கையில் இருக்கிறது. போவதற்கு முன் எழுதிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இதே விறாந்தையும் இதே கேள்வியும் புத்தளம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகிற பழைய வீதியில், வில்பத்துக் காடு தொடங்கும் இடத்தில், கலா ஓயா ஓரமாக இருக்கிறது எலுவன்குளம். வண்ணாத்திவில்லுப் பிரதேச செயலகப் பிரிவு. ஆறு கொஞ்சத் தூரம் போய்க் கங்கேவாடியில் கண்டல் காடுகளுக்குள்ளால் களப்பில் விழுகிறது. என் வாப்பா இந்த ஊர்க்காரர் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது சுமார் 75,000 பேர் ஊரைவிட்டு வந்தார்கள். பெரும்பகுதி புத்தளத்துக்கு. மன்னார் முசலிப் பக்கத்திலிருந்து உடுத்த உடையோடு வந்தவர்களில் வாப்பாவும் ஒருவர். நான் இங்கே பிறந்தவள்.

அப்படி வந்தவர்களிடம் காணி உறுதி இருக்கவில்லை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கவில்லை, பலரிடம் அடையாள அட்டையும் இல்லை. முகாம் வாழ்க்கையில் நடந்த கலியாணங்கள் எத்தனையோ லெப்பை வந்து நிக்காஹ் ஓதியதோடு முடிந்தன. 'பதிவைப் பிறகு பாத்துக்கொள்ளலாம்' என்பார்கள். பிறகு பார்ப்பதில்லை. முகாம்கள் கல்வீடுகளாகி வருடங்கள் ஓடிய பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. என்னுடைய முதல் நிக்காஹ் அப்படித்தான் நடந்தது. எனக்கு 19 வயது. மாப்பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழை, திருத்தியதும் பதியலாம் என்றார்கள். கைக்கூலி (சீதனக் காசு) மட்டும் அன்றைக்கே எண்ணிக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

மூன்று மாதம் சேர்ந்து இருந்தோம். அவர் குவைத்துக்குப் போனார். நாலு மாதம் கழித்து அங்கிருந்து தன் வாப்பாவுக்கு ஃபோன் எடுத்துத் தலாக் சொன்னாராம். அவருடைய வாப்பா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். பள்ளிவாசலிலிருந்து ஒரு கடிதம் தந்தார்கள். நான் இத்தா (மணமுறிவுக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) இருந்தேன். ஊர் பேசி முடித்தது. அது 2012.

அந்தக் கடிதத்தை உம்மா லெமினேட் பண்ணி அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார். பத்து வருடமாக அதுதான் என் முதல் வாழ்க்கைக்கு இருந்த ஒரே தாள்.

இனி ஏஜென்சிக்காரரின் வசனத்துக்கு வருகிறேன். பதிவு இல்லாத கலியாணம் கலியாணமே இல்லை. கேட்க நியாயமாகப் படும். ஆனால் அது பொய். எங்கள் நாட்டில் முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவு பச்சையாகச் சொல்கிறது: பதியப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு விவாகம் செல்லுபடியாகிவிடாது, பதியப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லுபடியற்றதாகியும் விடாது. சமய முறைப்படி நிக்காஹ் நடந்தால் அது விவாகம். பதிவது மணமகனும் வலியும் (மணப்பெண்ணின் பொறுப்பாளர்) நிக்காஹ்வை நடத்தியவரும் செய்யவேண்டிய கடமை. அவர்கள் அந்தக் கடமையைச் செய்யாமல் விட்டால் கலியாணம் மறைந்துவிடாது, பத்திரம்தான் இல்லாமல் போகும்.

தமிழ் வீடுகளிலும் இதே கதைதான். கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சாப்பாடு போட்டு, பதியாமல் வாழ்ந்தவர்கள் யுத்த காலத்தில் எத்தனை பேர்! இலங்கை நீதிமன்றங்கள் வழமைச் சடங்கோடு நடந்த திருமணத்தை ஏற்றிருக்கின்றன. ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததை வைத்தே திருமணம் நடந்ததாக அனுமானிக்கவும் செய்திருக்கின்றன. தாலி கட்டியவரைத் 'தெரியாது' என்று எழுதும்போது சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது, ஊரும் நிற்காது.

சரி, நம் நாட்டுச் சட்டத்தை விடுங்கள், சும்மா யோசித்துப் பாருங்கள். அவுஸ்திரேலிய விண்ணப்பத்தில் உள்ள அந்தக் கேள்வி பதிவைப் பற்றியே அல்ல. இதற்கு முன் திருமணம் செய்திருக்கிறீர்களா, அல்லது திருமணம் இல்லாமலே துணையாக வாழ்ந்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்வதும் உறவுதான். அந்த உறவையே ஆதாரமாக வைத்து விசா கொடுக்கிற நாடு அது. பதிவு இல்லை என்ற பதிலுக்கு அங்கே என்ன இடம் இருக்கிறது?

அன்று இரவு மெல்பேர்ணுக்கு வட்ஸ்அப்பில் பேசினேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் கதை முழுவதையும் அவரிடம் சொல்லியிருந்தேன். ஆகவே அவரிடம் மறைக்க எதுவும் இல்லை. "ஏஜென்சிக்காரர் இப்படிச் சொல்றார், நான் அப்படி எழுத மாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீங்க எழுதினா நானும் என்ட பழசை எல்லாம் எழுத வேணுமே" என்றார்.

அவருக்கும் முதல் கலியாணம் ஒன்று இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது, 2014இல் அவர்தான் அந்த மனைவியை ஸ்பொன்சர் செய்து அழைத்தார் என்பது. விவாகரத்து 2019இல் அங்கேயே முடிந்தது. அதைச் சொல்வதற்கு அவருக்கு வெட்கம். "ஒரு பொம்புளைய விசாக் குடுத்துக் கூப்பிட்டு விட்டுட்டான் எண்டு நினைப்பாங்க" என்றார்.

ஆண்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பெண்ணின் கடந்த காலத்தைப் பற்றித்தான் நம்மூரில் எல்லோரும் குசுகுசுப்பார்கள். விண்ணப்பமோ இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறது. ஸ்பொன்சரிடம் இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. அவுஸ்திரேலிய விதிப்படி ஒருவர் தன் வாழ்நாளில் இரண்டு துணைகளைத்தான் ஸ்பொன்சர் செய்யலாம். இரண்டுக்கும் இடையில், முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்கிட்டு, ஐந்து வருடம் போயிருக்க வேண்டும். விலக்குக் கேட்கலாம், அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும். 2016 நவம்பருக்குப் பிறகு ஸ்பொன்சரின் பொலிஸ் அறிக்கையையும் பார்க்கிறார்கள். இவர் 2014இல் செய்த ஸ்பொன்சர் அவர்களுடைய கணினியிலேயே கிடக்கிறது. அதை மறைத்து யாருக்கு என்ன லாபம்?

"எழுதுங்க" என்றேன். "நான் ஏழு மாசத்தை எழுதுறேன், நீங்க அஞ்சு வருஷத்தை எழுதுங்க."

அந்த ஏஜென்சிக்காரரை நாங்கள் அதோடு விட்டுவிட்டோம். அவுஸ்திரேலியாவுக்குள் குடிவரவு ஆலோசனை சொல்பவர்கள் அங்கே பதிவு செய்த முகவராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும். பதிவு இலக்கத்தை ஒன்லைனில் தேடிப் பார்க்கலாம். எங்களூர் விறாந்தைக்கு வருபவர்களிடம் அந்த இலக்கத்தை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். ஏனென்றால் "ஏஜென்சிதான் நிரப்பினது, எனக்குத் தெரியாது" என்ற பேச்சு அங்கே எடுபடாது. அவர்களுடைய 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 98ஆம் பிரிவு, உங்களுக்காக வேறொருவர் நிரப்பினாலும் நீங்களே நிரப்பியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். 2014இல் அவர்களுடைய ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதையொட்டி ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: வேண்டுமென்றே சொன்ன பொய்யாக இருக்கவேண்டும், ஆனால் அந்தப் பொய்யை விண்ணப்பதாரரே அறிந்து சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஏஜென்சிக்காரர் பொய் எழுதிக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தடை விழுவது நம் பெயரில்.

தடை என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். பொய்யான தகவலோ போலிப் பத்திரமோ கொடுத்ததாக முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு பொய்த் தகவல் கூடாது என்ற நிபந்தனை உள்ள எந்த விசாவும் சாதாரணமாகக் கிடைக்காது. ஆள் அடையாளத்தையே மாற்றிக் காட்டியிருந்தால் பத்து வருடம். விசா கிடைத்த பிறகு தெரியவந்தாலும் அதே சட்டத்தின் 109ஆம் பிரிவின் கீழ் ரத்துச் செய்யலாம். அங்கே போய்ப் பிள்ளை பெற்று, வேலை எடுத்து, வீடு எடுத்த பிறகும் அந்த ஒரு சொல் பின்னாலேயே நிற்கும். கட்டிய காசும் திரும்பி வராது. நாங்கள் போட்ட காலத்தில் எட்டாயிரம் டொலருக்கு மேல். இப்போது ஒன்பதாயிரத்தையும் தாண்டிவிட்டது.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் மறைக்காமல் விட்டது தடைக்குப் பயந்து அல்ல. அன்றைக்கு எங்கள் சட்டத்தில் மணப்பெண் கையெழுத்துப் போட இடமே இருக்கவில்லை. வலி கையெழுத்துப் போடுவார், மாப்பிள்ளை போடுவார், நடத்தியவர் போடுவார். முதல் நிக்காஹ் அன்றைக்கு நான் உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். தலாக் வந்த அன்றைக்கும் அதே உள்ளறைதான். வெளியில் ஆண்கள் பேசி முடித்துவிட்டு உம்மா மூலம் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். என் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று என்னிடமே நேராகக் கேட்ட முதல் தாள் இந்த விண்ணப்பம். அதிலும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுத என் கை போகவில்லை.

எழுதுவது என்று முடிவெடுத்த பிறகுதான் அடுத்த பிரச்சினை தலையைக் காட்டியது. முதல் கலியாணம் சட்டப்படி செல்லுபடியானது என்றால், அது சட்டப்படி முடிந்ததா?

முடியவில்லை. தலாக் சொல்பவர் காதியிடம் (முஸ்லிம் விவாக நீதிபதி) அறிவிக்க வேண்டும், காதி சமாதானம் பேச வேண்டும், இடைவெளி விட்டு மீண்டும் வர வேண்டும், கடைசியில் பதிய வேண்டும். குவைத்திலிருந்து வந்த ஒரு ஃபோன் அழைப்பில் இதில் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிவாசல் கடிதம் ஊருக்குப் போதும், ஒரு தூதரகத்துக்குப் போதாது. இதைச் சரிசெய்யாமல் இரண்டாவது நிக்காஹ் செய்திருந்தால் அந்த நிக்காஹ்வின் மேலேயே கேள்வி விழுந்திருக்கும். ஏஜென்சிக்காரரின் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதவு திறந்தபடியே கிடந்திருக்கும், எனக்குத் தெரிந்தும் இருக்காது.

பஸஹ் (மனைவி காரணம் காட்டிக் கேட்கும் விவாகரத்து) கேட்டுக் காதி நீதிமன்றத்துக்கு மனுக் கொடுத்தேன். கைவிட்டது, செலவுக்குத் தராதது இரண்டும் காரணம். பஸஹ் வழக்கில் காதியோடு மூன்று மதிப்பீட்டாளர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். பெண்ணின் பேச்சுக்குச் சாட்சி வேண்டும். நிக்காஹ் நடந்ததற்கும் சாட்சி வேண்டும், பதிவுதான் இல்லையே. அன்றைக்குச் சாட்சியாக இருந்தவர் என் சாச்சா. யுத்தம் முடிந்ததும் மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிப் போய்க் குடியேறிவிட்டார்.

வழக்குத் திகதிக்கு முதல் நாள் கலா ஓயா பெருகியது.

மாரியில் எங்கள் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சப்பாத்துப் பாலத்துல தண்ணி எவ்வளவு?" அன்றைக்குப் பாலமே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் ஆறு அதன் மேலால் போய்க்கொண்டிருந்தது. கரையில் இரண்டு பக்கமும் வாகனங்கள். சாச்சா அந்தப் பக்கத்திலிருந்து ஃபோன் எடுத்தார். "மகள், தண்ணி இறங்கினா வாறன்" என்றார். இறங்கவில்லை. அந்த மனிதர் திரும்பிப் போய், மன்னாருக்கு ஏறி, மதவாச்சி, அனுராதபுரம் என்று பஸ் மாறி மாறி, அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் புத்தளத்தில் வந்து இறங்கினார். சாரன் முழங்கால் வரை சேறு. எழுபது வயதுக்குக் கிட்ட.

"எங்கட பிழைக்குப் பிள்ளை அலையுது" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் பதியாமல் விட்டது பிழை என்று யாரும் என் காதுபடச் சொன்ன ஒரே தடவை அதுதான்.

சில அமர்வுகளுக்குப் பிறகு கட்டளை கிடைத்தது. 2022இன் தொடக்கம். காதியின் முத்திரை விழுந்த தாளைக் கையில் வாங்கியபோது, பத்து வருடத்துக்கு முன் முடிந்த ஒன்றுக்காக அழுகை வரும் என்று நான் நினைக்கவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று இரண்டாவது தடவையும் இத்தா இருந்தேன். மாமி முகம் கொடுத்துப் பேசவில்லை. நாள் தள்ளிப்போனதில் அவருக்குக் கோபம். பெற்றோல் வரிசைக் காலத்தில், பத்துப் பதினைந்து பேரோடு, எங்கள் நிக்காஹ் நடந்தது. பதிவுகாரர் வந்து வீட்டிலேயே பதிந்தார். பெண்ணின் நிலை என்ன என்று கேட்டபோது வாப்பா நிலத்தைப் பார்க்கவில்லை. "விவாகரத்தான பிள்ளை" என்றார். கட்டளையின் போட்டோகொப்பியை அவரே எடுத்து நீட்டினார்.

2023இல் விண்ணப்பத்தை ஒன்லைனில் போட்டோம். முந்திய உறவுகளைக் கேட்கும் பக்கத்தை நிரப்பக் கால் மணித்தியாலம்தான் எடுத்தது. பலர் இதைக் கேட்கிறார்கள் என்பதால் நான் எழுதிய விதத்தைச் சொல்கிறேன். தொடங்கிய திகதி, நிக்காஹ் நடந்த நாள். முடிந்த திகதியில்தான் குழப்பம் வரும். உறவு 2012இல் முடிந்தது, சட்டப்படி முடிந்தது 2022இல். இதில் ஒன்றை மட்டும் எழுதி மற்றதை மறைத்தால் பத்திரங்களைப் பார்ப்பவருக்கு இடிக்கும். இரண்டையும் எழுதி, ஏன் இடைவெளி என்று நாலு வரியில் விளக்கத்தை இணைத்தேன்: நிக்காஹ் பதியப்படவில்லை, கணவர் வெளிநாட்டிலிருந்து வாய்மூலம் தலாக் சொன்னார், 2012க்குப் பிறகு தொடர்பு இல்லை, 2022இல் காதி நீதிமன்றம் பஸஹ் வழங்கியது. பிள்ளைகள் இல்லை. அவ்வளவுதான். காதிக் கட்டளை, பள்ளிவாசல் கடிதம், சாச்சா சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி, எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

முதல் கணவர் எப்படிப்பட்டவர், என்னை எப்படி நடத்தினார், கைக்கூலி என்னவாயிற்று என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. முதலில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், பிறகு அழித்தேன். அது அவர்களுக்குத் தேவையும் இல்லை. அவர்கள் பார்ப்பது முந்திய உறவு முடிந்துவிட்டதா, இப்போதைய உறவு இருவருக்கும் மட்டுமேயானதா, சொன்னதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதை. பெயர் தெரியாத, திகதி சரியாக ஞாபகமில்லாத இடங்களில் 'ஏறத்தாழ' என்று எழுதலாம். கற்பனையாக ஒரு திகதியைப் போடவேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் தேவையில்லாத பயமும் இருக்கிறது. போன மாதம் கற்பிட்டியிலிருந்து ஒரு தங்கச்சி அழுதுகொண்டே கேட்டாள், ஏ.எல். படிக்கும்போது ஒருவரோடு கடிதப் போக்குவரத்து இருந்ததாம், அதையும் எழுத வேண்டுமா என்று. வேண்டாம் தங்கச்சி. அவர்கள் கேட்பது திருமணத்தையும், கணவன் மனைவி போல் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையையும். பள்ளிக்கூடக் காலத்துக் காதலும், பேசி நின்றுபோன சம்பந்தமும் அந்தப் பக்கத்துக்குரியவை அல்ல.

பிள்ளைகள் விஷயம் வேறு. அதில் மட்டும் ஒரு எழுத்தும் பிசகக்கூடாது. கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு தாய் 1993இல் கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றபோது தனக்கு மணமாகவில்லை, ஒரு மகள்தான் என்று சொல்லியிருந்தார். ஊரில் விட்டுவந்த இரண்டு ஆண்பிள்ளைகளைச் சொல்லவில்லை. பிறகு அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட முயன்றபோது, அன்றைக்குச் சொல்லப்படாதவர்களைக் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது என்றது விதி. 117ஆம் ஒழுங்குவிதியின் 9(டி) உட்பிரிவு. அவர் வழக்காடினார். 2005இல் ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. தாய் ஒரு கண்டத்திலும் பிள்ளைகள் இன்னொரு கண்டத்திலும். இப்படித் தவிப்பவர்களுக்காக 2019இல் கனடா ஒரு தற்காலிகச் சலுகைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லோருக்கும் அது பொருந்தாது.

நம்மவர்களிலும் இந்த விதியில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். தாய்தகப்பனோடு பிள்ளையாக விசா வந்திருக்கும். விமானம் ஏறுவதற்கு முன் ஊரில் அவசரமாகத் தாலி கட்டிவிட்டு, ரொறன்ரோவில் இறங்கும்போது 'மணமாகவில்லை' என்று சொல்லியிருப்பார்கள். பிறகு அதே மனைவியை அழைக்கப் போனால் அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். அகதிக் கோரிக்கை வைத்தவர்களும் அப்படித்தான். வந்திறங்கிய நாள் விசாரணையில் பயத்தில் சொன்ன 'தனியாள்' என்ற பதில் பத்து வருடத்துக்குப் பிறகு மனைவியின் ஃபைலில் எழும்பி வரும். கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை. பிரித்தானியாவில் ஏமாற்று என்று முடிவானால் பத்து வருடம் வரை.

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க? ஊர்ல நடந்தது ஆருக்குத் தெரியும்?" மாமி அன்றைக்குக் கேட்ட கேள்வி இது. ஊரில் நடந்தது ஊருக்குத் தெரியும், அதுதான் மாமி விஷயமே. முகநூலில் யாரோ போட்ட பழைய கலியாணப் படம். ஐந்து வருடத்துக்கு முன் மத்திய கிழக்குக்குப் போக எடுத்த பத்திரத்தில் 'திருமணமானவர்' என்ற சொல். இரண்டு பேரையும் தனித்தனியே ஃபோனில் கேட்கும்போது ஒருவர் வாயிலிருந்து தவறி விழும் ஒரு பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக மொட்டைக் கடிதம். நம்மூரில் ஒரு பெண் நல்லா இருக்கப் போகிறாள் என்றால் முதலில் எழுதப்படுவது அதுதான். இப்போது அதை ஒன்லைனிலேயே அனுப்ப வழியிருக்கிறது. நீங்களே சொல்லிவிட்ட விஷயத்தை மொட்டைக் கடிதத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்களுக்கும் ஒரு கடிதம் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நேர்காணல் அழைப்பில் அந்த அதிகாரி என் முதல் கலியாணத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டார். "உங்கள் விண்ணப்பத்தில் இதைச் சொல்லியிருக்கிறீர்கள்" என்று அவரே தொடங்கினார். நான் நடந்ததைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பத்து வருடம் எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லாத விஷயத்துக்கு அந்த ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

ஏற்கெனவே பொய் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாமலே அப்படி எழுதப்பட்டிருக்கும். அவுஸ்திரேலிய விண்ணப்பம் என்றால் பிழையான பதிலைத் திருத்துவதற்கென்றே 1023 என்ற படிவம் இருக்கிறது. பிழை என்று தெரிந்தவுடன் அறிவிக்க வேண்டும் என்பது சட்டத்திலும் இருக்கிறது. திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கண்டுபிடித்து விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும் முன் நீங்களாகச் சொல்வதற்கும், அகப்பட்ட பிறகு சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். செய்வதற்கு முன் பதிவு பெற்ற முகவர் ஒருவரையோ சட்டத்தரணியையோ பாருங்கள். விறாந்தைக்கு வந்தவரைப் பார்க்காதீர்கள்.

எனக்கு 309 கிடைத்திருக்கிறது. அது தற்காலிக விசா. நிரந்தரமான 100க்கு மீண்டும் ஒரு தடவை எங்கள் உறவைப் பரிசீலிப்பார்கள். அதற்குப் பிறகு பிரஜாவுரிமை. ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொல்லப் போகிறேன். மாமி இப்போது பேசுகிறார். போன வெள்ளிக்கிழமை பயணப் பெட்டிக்குள் மிளகாய்த்தூளையும் நெத்தலிக் கருவாட்டையும் வைத்துக் கட்டித் தந்தவர் அவர்தான். கருவாட்டை அங்கே விடமாட்டார்கள் என்று சொல்லி வெளியில் எடுத்தேன், கோபித்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்து வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பதியாத நிக்காஹ் ஒன்று இருந்தால், அது நல்லபடி ஓடிக்கொண்டிருந்தாலும் முறிந்து போயிருந்தாலும், இந்த மாதமே விசாரியுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் பதிவுகாரரிடம் போங்கள். முறிந்திருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காதியிடம் போங்கள். பிள்ளை வெளிநாடு போகாவிட்டாலும் அந்தத் தாள் அவளுக்கு வேண்டும். சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. என் சாச்சா போன ரமழானில் மௌத்தாகிவிட்டார்.